பேசிவிடுகிறோம்

கேள்வி: எனக்கு வயது 42. சேலம் அழகாபுரத்தில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஒரே மகன், நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளி விட்டு வந்தது முதல் தூங்கும் வரை அவன் கையில் போன்தான். பிடுங்கினால் கத்துகிறான், சாப்பிட மறுக்கிறான். மாதம் ஒருமுறை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவன் தலை நிமிர்வதில்லை. நான் அம்மாப்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். கோலி, பம்பரம், கிட்டிப்புள், பச்சைக்குதிரை என்று இருட்டும் வரை தெருவிலேயே கிடப்போம். அப்பாவின் தறிச் சத்தம் நின்றால்தான் வீட்டு நினைப்பே வரும். (அம்மா தவறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பா அந்தப் பழைய வீட்டிலேயே இருக்கிறார். இங்கே வர மாட்டேன் என்கிறார். நல்ல போனாக வாங்கிக் கொடுத்திருக்கிறோம், தினமும் இரவில் வீடியோ காலில் பேசிவிடுகிறோம்.) எனக்குக் கிடைத்த குழந்தைப் பருவத்தில் பத்தில் ஒரு பங்காவது என் மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். போனைக் கட்டுப்படுத்த எந்தச் செயலி நல்லது? வேறு என்ன செய்யலாம்?

பதில்: செயலி பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லி அதை முடித்துவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று வரையறுக்கலாம், இரவில் குறித்த மணிக்குப் பூட்டிக்கொள்ளும்படி செய்யலாம், புதிதாக எதை இறக்கினாலும் உங்கள் அனுமதியைக் கேட்கும்படி வைக்கலாம். ஐபோன் என்றால் அதற்குள்ளேயே ஸ்கிரீன் டைம் என்ற பகுதி இருக்கிறது. குழந்தை மருத்துவர்களின் தேசிய அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கை வைத்துப் பூட்டுங்கள். இதற்காக எனக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டியதில்லை; போன் விற்ற கடைக்காரரே ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்திருப்பார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இதே கடிதத்தைப் பல ஊர்களிலிருந்து, பல கையெழுத்துகளில் நான் படித்திருக்கிறேன். விளையாட்டுகளின் பட்டியல்கூட வரிசை மாறாமல் வருகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். கோலிக்கும் பம்பரத்துக்கும் வெளியே இடம் கிடைத்திருக்கிறது, ஏற்காட்டுக்கும் கிடைத்திருக்கிறது. பெற்ற தகப்பனுக்குக் கிடைக்கவில்லை. அந்த அடைப்புக்குறியின் கடைசிச் சொல்லை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். ‘பேசுகிறோம்’ என்று நீங்கள் எழுதவில்லை, ‘பேசிவிடுகிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் பில் கட்டிவிட்டேன், சிலிண்டருக்குப் பதிந்துவிட்டேன் என்று சொல்லும்போது வருகிற அதே ‘விடு’தான் அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. தலையில் இருந்த ஒரு வேலையை இறக்கி வைத்தவன் சொல்லும் சொல் அது, தம்பி. நீங்கள் யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். யோசிக்காமல் எழுதியதாலேயே அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

அழகாபுரமும் அம்மாப்பேட்டையும் ஒரே மாநகராட்சிக்குள் இருக்கின்றன. எவ்வளவு நெரிசலானாலும் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் போய் இறங்கிவிடலாம், டவுன் பஸ்ஸும் இருக்கிறது. ஏற்காட்டுக்குக் காரில் போக ஒரு மணி நேரம் வேண்டும், வாரக் கடைசியில் வண்டிகள் நெருக்கினால் அதற்கும் மேலே. மலை ஏற நேரம் இருக்கிற குடும்பத்துக்கு ஊருக்குள்ளேயே இருக்கிற வீட்டுக்குப் போக நேரம் இல்லை என்றால், அது நேரத்தைப் பற்றிய பிரச்சினை ஆகாது. மாதம் ஒருமுறை ஏற்காட்டுக்குப் போகிறோம் என்பதைக் கணக்காக எழுதிய நீங்கள், அம்மாப்பேட்டைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறீர்கள் என்பதை எழுதவேயில்லை. அவர் வர மாட்டேன் என்று சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தம் மனைவியோடு வாழ்ந்த வீட்டை விட்டு, பகலெல்லாம் பூட்டிக்கிடக்கிற அடுக்குமாடி வீட்டில் ஒரு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க அவர் ஏன் வர வேண்டும்? அவர் மறுத்தது உங்களுக்கு ஒரு வசதியாகப் போய்விட்டது என்று நான் சொன்னால் கோபம் வரும்; வரட்டும்.

மருத்துவர்கள்கூட வீடியோ காலைத் தவறென்று சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நான் மேலே சொன்ன அதே அமைப்பு, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது என்று சொல்லிவிட்டு, உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. துபாயில் வேலை பார்க்கிற தகப்பனின் முகத்தைக் கைக்குழந்தை மறந்துவிடக்கூடாது என்பதற்கு அந்த விலக்கு எவ்வளவு பொருந்தும் என்று எனக்குப் புரிகிறது. அம்மாப்பேட்டைக்கும் அழகாபுரத்துக்கும் நடுவில் கடல் ஏதும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது உங்கள் மகன் பக்கத்திலிருந்து பாருங்கள். அவன் தினமும் இரவில் என்ன பார்க்கிறான்? தாத்தா என்பவர் போனுக்குள் வருகிற ஒருவர். சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்பார். நான்கு நிமிடத்தில் மறைந்துவிடுவார். அதே போனில் அடுத்து விளையாட்டு வரும். மனிதர்களைப் போனுக்குள் வைத்துப் பராமரிக்கலாம் என்பதை அவனுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை, வீட்டில் நடப்பதைப் பார்த்து அவனே தெரிந்துகொண்டான். கொரோனாவில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோதுதான் பிள்ளைகள் கைக்குப் போன் போனது என்று எல்லாப் பெற்றோரும் எழுதுகிறார்கள். போன் எப்போது கைக்குப் போனது என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. போன் இருந்த கைக்கு வேறு எதைக் கொடுத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

உங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிய உங்கள் நினைவும் சரியாக இல்லை. உங்கள் காலத்தில் திரையே இல்லாதது போல எழுதியிருக்கிறீர்கள். ஏற்காட்டுக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியின் பழைய நுழைவாயில் வளைவைக் கடந்துதான் போகிறீர்கள், 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம் அது. சினிமாப் பைத்தியம் பிடித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று என் தாத்தா தலையில் அடித்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். உங்களுக்குச் சுமார் பத்து வயதாகும்போது, 1993-ல், தமிழில் தனியார் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. ஆனாலும் கொட்டகையில் படம் முடிந்து விளக்கைப் போட்டால் எல்லோரும் எழுந்தாக வேண்டும், யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாக வேண்டும். போனில் ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படம் தானாகவே தொடங்கிவிடுகிறது, விளக்கைப் போட ஆள் இல்லை.

உங்களுக்கு அந்த விளக்காக இருந்தது எது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. அப்பாவின் தறிச் சத்தம் நின்றால்தான் வீட்டு நினைப்பு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். குழித்தறியில் கால் மிதியும் நாடா ஓடும் ஓசையும் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நீங்கள் பம்பரம் விட்ட நேரமெல்லாம் அந்த ஓசைக்குள்தான் ஆடிக்கொண்டிருந்தீர்கள். அப்பா என்ன வேலை செய்கிறார், எவ்வளவு நேரம் செய்கிறார், எப்போது களைக்கிறார் என்பதெல்லாம் கண்ணால் பார்க்காமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. போன் இல்லாததால் உங்களுக்கு நல்ல குழந்தைப் பருவம் அமைந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பெரியவர்கள் தங்கள் வேலையில் இருந்ததால் அமைந்தது என்று நான் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு அப்பாவின் வேலை என்ன ஓசை எழுப்பும் என்று தெரியுமா? உங்கள் வேலையும் போன் மாதிரிதான் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்களும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் வேண்டும் என்பதற்காகவே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளைகளைத் தறிக்காரர் தெருக்களில் நான் பார்த்திருக்கிறேன், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் பார்த்திருக்கிறேன். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்ததும், 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியதும் தேவையில்லாமல் நடந்தவை அல்ல. உங்கள் மகன் வயிறு நிறைந்து பள்ளிக்குப் போகிறான் என்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அவனை அம்மாப்பேட்டைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லப்போவது பழமையைக் காட்டுவதற்காக இல்லை, அங்கே அவனுடைய தாத்தா தனியாக இருக்கிறார் என்பதற்காக.

பிள்ளையை வளர்ப்பதையும் பெற்றோரைப் பேணுவதையும் இரண்டு தனித்தனி வேலைகளாகப் பிரிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பழைய பஞ்சாங்கம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பெற்றோருக்குப் பராமரிப்புச் செலவு கொடுக்கும்படி பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த 2007-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. உங்கள் விஷயத்தில் அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை, நீங்கள் செலவுக்குக் குறை வைத்திருக்க மாட்டீர்கள், போன்கூட நல்லதாகத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் வந்து உட்கார் என்று உத்தரவு போட மட்டும் எந்த நீதிமன்றத்துக்கும் வழியில்லை. (அடைப்புக்குறியை நானும் ஒருமுறை பயன்படுத்திக்கொள்கிறேன்: உங்கள் மனைவியின் பெற்றோரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் இருந்தால், அங்கேயும் இதே கணக்குத்தான்.)

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இன்றிரவு வீடியோ காலில் இல்லாமல் நேரில் போய் உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்: சனிக்கிழமை மாலை பையனைக் கொண்டுவந்து விடுகிறேன், ஞாயிறு மாலை வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று. கேட்க வேண்டும், தகவலாகச் சொல்லக் கூடாது. வயதானவருக்கு உடம்பு முடியாத வாரமும் இருக்கும், அந்த வாரம் நீங்களும் கூடவே தங்க வேண்டியிருக்கும். பையனின் போன் அழகாபுரத்திலேயே இருக்கட்டும். முதல் வாரம் அவன் அழுவான், இரண்டாம் வாரம் போர் அடிக்கிறது என்பான், தாத்தாவின் போனைக் கேட்டு அடம் பிடிப்பான். உங்கள் அப்பாவும் இந்த மூன்று ஆண்டுகளில் தனிமைக்குத் துணையாக அந்தப் போனையே பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற காட்சியை நீங்கள் போய்ப் பார்க்க நேர்ந்தால், அதற்காக அவரைக் கடிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை. அதிலும் ஒரு நன்மை உண்டு, இருவர் தோளும் ஒட்டியிருக்கும்.

பையனை மகிழ்விக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் திட்டம் எதுவும் வகுத்துக் கொடுக்காதீர்கள். அவர் கடைக்குப் போனால் பையைத் தூக்கிக்கொண்டு அவன் கூடப் போகட்டும். தறி இன்னும் அந்தக் குழியில் நிற்கிறதா, விற்றுவிட்டாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. நின்றால் அதன் முன்னால் அவனை உட்கார வைக்கட்டும். புவிசார் குறியீடு வாங்கிய சேலம் வெண்பட்டு நெய்கிற ஊரில் பிறந்தவனுக்கு, பாவு எது ஊடை எது என்று தெரியாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விற்றிருந்தால் ஏன் விற்றார் என்ற கதையைச் சொல்லட்டும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவனே கூட்டத்தில் அழைத்துப் போகட்டும். அடுத்த ஏற்காட்டுப் பயணத்தில் காரின் முன் இருக்கை அப்பாவுக்கு.

ஞாயிறு மாலை அவனை அழைத்துவரப் போகும்போது தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு கீழே வா என்று போன் செய்யாதீர்கள். போகிற வழியில் தட்டுவடை செட் வாங்கிக்கொள்ளுங்கள், அப்பாவுக்கு மட்டும் காரம் குறைவாகப் போடச் சொல்லுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். பையன் கிளம்பலாம் என்று சொல்கிற வரைக்கும் எழுந்திருக்க வேண்டாம்.