மூட்டுவலிப் பாட்டியும் நான்கு வயதுப் பேத்தியும்: பினாங்கில் எந்தப் பூங்கா?

சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பள்ளி விடுமுறையில் ஒருநாள் குடும்பத்தோடு பினாங்குக்கு வருகிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. மாமியாரும் உடன் வருகிறார். அவருக்கு மூட்டுவலி, அதிக தூரம் நடக்க முடியாது. கணவர் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம் என்கிறார். பிள்ளைகள் தண்ணீரில் விளையாட இளைஞர் பூங்காவைக் கேட்கிறார்கள். மாமியாருக்குத் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா? தாவரவியல் பூங்காவில் குரங்குத் தொல்லை அதிகம் என்கிறார்களே, சிறு பிள்ளையோடு போகலாமா?"

சகோதரி, மூன்று இடங்களும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் இந்த ஆசை எல்லோருக்கும் வருவதுதான். வரைபடத்தில் பார்த்தால் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஆனாலும் மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். தாவரவியல் பூங்காவையும் கோயிலையும் வைத்துக்கொண்டு, இளைஞர் பூங்காவை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள். காரணம் உங்கள் மாமியாரின் முழங்கால். குடும்பமாக வெளியே போகும்போது யாரால் மிகக் குறைவாக நடக்க முடியுமோ, அவரை வைத்துத்தான் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளை வைத்துத் திட்டம் போட்டால் பாட்டி எங்கோ ஒரு பெஞ்சில் பைகளுக்குக் காவல் இருப்பார். அவருக்கும் இது விடுமுறை நாள்தானே?

முதலில் நேரம். பினாங்கில் காலை ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக வெளிச்சம் வருகிறது. ஆகவே ஏழரை மணிக்குப் பூங்கா வாசலில் நிற்பது அப்படியொன்றும் கடினமான காரியமில்லை. ஆறேகால் வாக்கில் சுங்கை பட்டாணியிலிருந்து கிளம்பினால் போதும். பத்து மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் நான்கு வயதுப் பிள்ளை முதலில் சிணுங்கும், பிறகு தூக்கச் சொல்லும், அப்புறம் யாருக்கும் பூவும் தெரியாது, மரமும் தெரியாது. பிற்பகலுக்கு ஒத்திப்போடவும் வேண்டாம். இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடித்துக்கொள்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை இன்னும் அதிகம். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். மரத்தடியில் ஒதுங்காமல் காருக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம்.

பினாங்கு தாவரவியல் பூங்கா 1884ஆம் ஆண்டில் உருவானது. பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கைப் பூங்காவாக மாற்றியவர் அதன் முதல் கண்காணிப்பாளர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். மூன்று பக்கமும் காடு மூடிய குன்றுகள், நடுவில் ஓர் ஓடை. உள்ளே போக டிக்கெட் கிடையாது. தார் போட்ட பாதை இருப்பதால் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். பாதையின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் சமதளம். மேலே வளைந்து போகும் பகுதியில் ஏற்றம் உண்டு. நீங்கள் கீழ்ப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேல் வளையத்தை உங்கள் கணவரும் மகனும் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரட்டும். வாசலுக்கு அருகிலிருந்து பினாங்கு மலைக்கு ஜீப் பாதை ஒன்று ஏறுகிறது. "சும்மா கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்" என்று யாராவது ஆசைகாட்டுவார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம் அது. உங்களுக்கு வேண்டாம்.

உள்ளே எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். இரண்டு மரங்களைக் கவனமாகப் பார்த்தாலே அந்தக் காலை நிறைந்துவிடும். முதலாவது நாகலிங்க மரம். கிளை நுனியில் பூக்காமல், அடிமரத்திலிருந்தே தொங்கும் காம்புகளில் பூக்கும். பூ ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த தடித்த இதழ்கள். நடுவில் லிங்கம் போல ஒரு சிறு மேடு. அதன்மேல் ஐந்தலை நாகம் படம் விரித்துக் கவிந்தது போல மகரந்தத் தாள்களின் கூட்டம். மணம் அதிகாலையில்தான் நன்றாகத் தெரியும். சிவன் கோயில்களில் பார்த்துப் பழகியதால் நம் நாட்டு மரம் என்றே நினைக்கிறோம். உண்மையில் இதன் தாயகம் தென் அமெரிக்கா. இந்த இடத்தில் விளக்கம் சொல்லும் வேலையை உங்கள் மாமியாரிடம் விட்டுவிடுங்கள். இந்தப் பூவைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருக்கும். ஒரே எச்சரிக்கை: காய் பீரங்கிக் குண்டு அளவு இருக்கும், கனமும் அப்படித்தான். அடியில் பாய் விரித்து உட்காராதீர்கள்.

இரண்டாவது தூங்குமூஞ்சி மரம். குடை விரித்தாற்போன்ற அந்தப் பெரிய மரத்தின் சிற்றிலைகள் இரவில் ஒன்றோடொன்று மடிந்துகொள்ளும், வெளிச்சம் ஏறினால் விரியும். நீங்கள் போய்ச் சேரும் வேளையில் அது விழித்துக்கொண்டிருக்கும். போனவுடன் ஒரு கிளையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், திரும்பும்போது அதே கிளையை மறுபடியும். ஒன்பது வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் வகுப்பறையில் கிடைக்காது. இவற்றைத் தாண்டியும் நேரம் இருந்தால் அல்லிக்குளம் வரை போகலாம். காட்டோரமாக இருப்பதால் நிழல் உண்டு, கொசுவும் உண்டு.

இப்போது குரங்குகள். போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். பயப்பட வேண்டியது குரங்கைப் பார்த்து அல்ல, கையில் இருக்கும் உணவைப் பார்த்து. இங்கே இரண்டு வகை இருக்கின்றன. சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், நீண்ட வாலோடு தரையில் கூட்டமாக உலவுவது நீண்டவால் குரங்கு. தொல்லை என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இன்னொன்று கறுத்த உடலும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுமாக மரத்தின் மேலேயே இருக்கும் இலைக்குரங்கு. மலாய்க்காரர்கள் லோத்தோங் என்பார்கள். அதன் குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். கறுத்த தாயின் மடியில் அந்தக் குட்டியைப் பார்த்துவிட்டால் உங்கள் மகள் வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டிருப்பாள். இது மனிதரிடம் வருவதில்லை. நிமிர்ந்து பாருங்கள், போதும்.

நீண்டவால் குரங்கு ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பையைத்தான் பார்க்கிறது. பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் அதற்குச் சாப்பாட்டு மணி. ஆகையால் பூங்காவுக்குள் எதையும் தின்றுகொண்டே நடக்காதீர்கள். பிஸ்கட், பழம், பாக்கெட் பானம் எல்லாம் ஜிப் போட்ட முதுகுப்பையில் இருக்கட்டும், அல்லது காரிலேயே பூட்டி வையுங்கள். காலைச் சாப்பாட்டை வரும் வழியிலேயே முடித்துவிடுவது உத்தமம். மகளின் கையில் இருக்கும் பால் போத்தலும் குரங்குக்கு உணவுதான், அதையும் மறந்துவிடாதீர்கள். குரங்கு நெருங்கி வந்தால் ஓட வேண்டாம், கத்த வேண்டாம். கண்ணுக்கு நேராக முறைக்கவும் பல் தெரியச் சிரிக்கவும் கூடாது. இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். எதையாவது பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழுகிறது. கடித்தாலோ நகம் கீறினாலோ, சிறியதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் விஷயம் இல்லை இது. ரேபிஸ், டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நம் மக்களிடம் இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்லியாக வேண்டும். கோயிலுக்கு வந்த கையோடு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, ஆஞ்சநேயருக்குப் புண்ணியம் என்று குரங்குகளுக்குப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதனால் அந்தப் பிராணிக்கு நேர்வது பெரும் பாவம். காட்டில் இலையும் காயும் பூச்சியும் தேடித் தின்று வாழ வேண்டிய குரங்கு, மனிதன் கையை நம்பி வாசலிலேயே கிடக்கிறது. குட்டிகளும் அதையே கற்றுக்கொள்கின்றன. பழம் போட்டவர் போன பிறகு, வெறுங்கையோடு வரும் அடுத்த குடும்பத்தின் பிள்ளை மீது அது பாய்கிறது. கடைசியில் புகார் எழுந்து, கூண்டு வைத்துப் பிடிக்கும் நிலை வருகிறது. உணவு கொடுப்பதற்கு இங்கே தடை உண்டு, அபராதமும் உண்டு. அபராதத்துக்குப் பயந்து அல்ல, குரங்கின் மேல் இரக்கம் வைத்தே நிறுத்த வேண்டிய பழக்கம் இது. மாமியாருக்கு அப்படியொரு எண்ணம் இருந்தால் முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள், அந்த இடத்தில் வைத்துத் தடுத்தால் மனம் வருந்துவார்.

ஓடையைப் பார்த்ததும் பிள்ளைகள் இறங்கக் கேட்பார்கள். இறக்க வேண்டாம். மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கித் திடீரென்று ஏறும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் பயமும் இந்நாட்டு ஓடைகளில் உண்டு.

காலில் மூடிய காலணி வேண்டும், ஏனென்றால் புல்வெளியில் தொட்டாற்சிணுங்கி முள் மறைந்திருக்கும். கொசு விரட்டித் தைலத்தை உங்கள் கையில் எடுத்துப் பிள்ளைக்குப் பூசுங்கள், அவள் உள்ளங்கையிலும் கண் அருகிலும் வேண்டாம். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். மாற்று உடை, ஆளுக்கொரு போத்தல் தண்ணீர், பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி. பெஞ்சு இருக்கும் இடத்தில் நிழல் இருக்காது, நிழல் இருக்கும் இடத்தில் பெஞ்சு இருக்காது. அந்த நாற்காலி இருந்தால் மாமியாரே தமக்குப் பிடித்த மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

பத்து மணிக்குக் கிளம்பினால் கோயிலுக்குக் காரில் சில நிமிடம்தான். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பூங்காவை முதலில் வைத்துக்கொண்டாலும் அங்கேயே நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள். மாமியார் பார்க்க விரும்பும் தண்ணீர்மலைக் கோயிலான, 2012இல் குடமுழுக்குக் கண்ட அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். மூட்டுவலியோடு ஏறுவது ஒருபுறம், இறங்குவதுதான் முழங்காலை வாட்டிவிடும். "முருகன் ஏற்றிவிடுவான்" என்று மாமியார் சொல்லக்கூடும். நீங்கள் கொஞ்சம் உறுதியாக இருங்கள். அடிவாரத்தில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஜாலான் கெபுன் பூங்கா என்னும் சாலையின் ஓரமாகவே நாட்டுக்கோட்டைச் செட்டியார் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அங்கே படியேறாமல் முருகனைக் கண்குளிரப் பார்க்கலாம்.

இளைஞர் பூங்காவை வேண்டாம் என்று நான் ஒதுக்கவில்லை. பிள்ளைகளுக்கான நீச்சல்குளம், விளையாட்டுத் திடல், சறுக்குச் சக்கரத் தளம் என்று அது முழுக்கப் பிள்ளைகள் ராஜ்யம். தண்ணீரில் இறங்கிய பிள்ளை இரண்டு மணி நேரத்துக்கு வெளியே வராது. அதன் பிறகு ஈரத்தலையோடு அவசரமாகக் கோயிலுக்கு இழுத்துப்போவது யாருக்கும் இன்பமில்லை. நீங்களும் கணவரும் பிள்ளைகளும் மட்டும் வரும் நாளில் அங்கே போங்கள். பராமரிப்புக்காகக் குளத்தை மூடும் நாள்கள் உண்டு, கிளம்புவதற்கு முன் மாநகர் மன்றத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் உடை கொண்டுபோங்கள். குளம் ஆழமில்லை என்றாலும் நான்கு வயதுப் பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து கைபேசி பார்க்கும் நேரம் அது அல்ல.

கார் இல்லாமல் வருவதானால் சுங்கை பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் கடலைக் கடந்து, படகுத்துறையிலிருந்து 10ஆம் எண் ரேபிட் பினாங்கு பஸ்ஸில் பூங்கா வரை வரலாம். பிள்ளைகளுக்குப் பெர்ரியே ஒரு திருவிழா. ஆனால் பஸ்ஸுக்காகக் காத்திருக்க நேரும். மாமியாரை வெயிலில் நிறுத்திவைக்காமல், திரும்பும்போதாவது கிராப் காரை அழைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் மட்டும் இந்தத் திட்டம் செல்லாது. கோயிலுக்கும் பூங்காவுக்கும் போகும் சாலை முழுக்கத் தண்ணீர்ப்பந்தலும் காவடியுமாக இருக்கும், கார் நுழைய வழியிருக்காது. பள்ளி விடுமுறையில் வார நாள் கிடைத்தால் சனி, ஞாயிற்றை விட்டுவிட்டு அன்றைக்கே வாருங்கள். வாசலருகே வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், பாட்டிக்கு நடை மிச்சம்.