வாக்கியத்தின் வாலில் ஒரு 'கா'

கேள்வி: மூன்று மாதமாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஹிராகனா எழுத வரும், முந்நூறு சொற்கள்வரை தெரியும். ஆனால் ஒரு சின்னக் கேள்வி கேட்கக்கூட வாய் வரவில்லை. முன்னால் எதைப் போடுவது, எதை இடம் மாற்றுவது என்று யோசித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுகிறார். அடுத்த மாதம் டோக்கியோவில் வேலைக்குச் சேர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆங்கிலத்தை ஓரமாக எடுத்து வையுங்கள், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இடம் மாற்றும் வேலையெல்லாம் ஆங்கிலத்துக்குத்தான். 'இது புத்தகம்' என்பதைக் கேள்வியாக்க நாம் என்ன செய்கிறோம்? கடைசியில் ஓர் 'ஆ' சேர்க்கிறோம்: 'இது புத்தகமா?' ஜப்பானியரும் அதையேதான் செய்கிறார்கள். 'கொரே வா ஹோன் தெஸ்' என்றால் இது புத்தகம். 'கொரே வா ஹோன் தெஸ் கா' என்றால் இது புத்தகமா. ஒரு சொல்லும் இடம் மாறாது.

டோக்கியோ போன முதல் மாதம் எனக்கும் இது தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயென்ஜியில் ஒரு தோழியைப் பார்க்க ஷின்ஜுக்குவில் சூவோ விரைவு ரயில் ஏறினேன். நான் வழக்கமாகப் போகும் ஆரஞ்சுப் பட்டை வண்டிதான். ஆனால் அது வார நாட்களில்தான் கோயென்ஜியில் நிற்கும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நகானோவை விட்டால் அடுத்து ஓகிகுபோதான். ஏதோ சரியில்லை என்று தோன்றிப் பக்கத்தில் இருந்த பாட்டியிடம் கேட்க நினைத்தேன். ஆங்கில வாக்கியத்தை மனதில் கட்டி, அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் நகானோவில் கதவு மூடிவிட்டது. கோயென்ஜியும் அசகயாவும் ஜன்னலில் ஓடிப் போயின.

அன்று இரவு, கேட்காமல் விட்ட கேள்வியை நோட்டில் எழுதினேன்: 'கொனோ தென்ஷா வா கோயென்ஜி நி தொமரிமஸ் கா'. அதன் கீழேயே தமிழில் எழுதினேன்: 'இந்த ரயில் கோயென்ஜியில் நிற்குமா?' கொனோ – இந்த. தென்ஷா – ரயில். நி – இல். தொமரிமஸ் – நிற்கும். கா – ஆ. சொல்லுக்குச் சொல் நேராக வந்து நின்றது. நடுவில் உள்ள 'வா' ஒன்றுக்குத்தான் நம்மிடம் சரியான இணை இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சுட்டும் சின்ன இடைச்சொல் அது. எழுதும்போது 'ஹ' எழுத்தால் எழுதுவார்கள். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. இப்போது என்னிடம் படிக்க வருகிறவர்களையும் முதல் வகுப்பில் இப்படித்தான் இரண்டு வரியாக எழுத வைக்கிறேன்.

எங்கே, யார், எப்போது என்று கேட்கும்போதும் இதே கதைதான். கழிப்பறை எங்கே? 'தொய்ரே வா தொக்கோ தெஸ் கா'. 'எங்கே' முன்னால் ஓடி வராது. ஒரு வித்தியாசம் உண்டு: நாம் 'எங்கே' வந்துவிட்டால் 'ஆ' போட மாட்டோம், அவர்கள் மரியாதைப் பேச்சில் அப்போதும் 'கா' போடுவார்கள். தரே – யார், இத்ஸு – எப்போது, இக்குரா – என்ன விலை, நான் அல்லது நனி – என்ன. இந்த நான்கும் 'தொக்கோ'வும் முதல் வாரத்துக்குத் தாராளம்.

சுட்டுச் சொற்களை ஒரு தொகுப்பாகவே படியுங்கள். கொரே என்றால் இது. சொரே என்றால் உங்கள் பக்கம் இருப்பது. அரே என்றால் நம் இருவருக்கும் தள்ளி இருப்பது. தொரே என்றால் எது. ஈழத்துப் பேச்சில் 'உது' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு 'சொரே' உடனே பிடிபடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்தது இது. 'தரே'யோடு 'கா' சேர்த்தால் தரேக்கா, அதாவது யாரோ. 'மோ' சேர்த்து எதிர்மறையில் முடித்தால் 'தரேமோ இமசென்', அதாவது யாரும் இல்லை. நாம் 'யார்' என்பதோடு ஓ, உம் சேர்ப்பதுபோலவே இருக்கிறது, பாருங்கள்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சொல்லின் நடுவில் வரும் தனிக் ககரத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம்: 'பகல்', 'மகன்'. அதே பழக்கத்தில் 'தெஸ் கா'வின் 'கா'வையும் மென்மையாகச் சொன்னால் அது வேறு சொல்லாகிவிடும். அதற்கு 'ஆனால்…' என்று பொருள். நீங்கள் கேள்வி கேட்டதாக நினைத்திருப்பீர்கள். அவரோ நீங்கள் மிச்சத்தைச் சொல்வீர்கள் என்று காத்திருப்பார். 'கால்' என்று சொல்லும்போது முதலில் வருகிறதே, அந்தக் 'கா'தான் வேண்டும். இதை மட்டும் சத்தம் போட்டுப் பழகுங்கள்.

அப்புறம், யாரிடம் எதைக் கேட்டாலும் முதலில் 'சுமிமசென்' சொல்லுங்கள். மன்னிக்கவும் என்பதும் 'கொஞ்சம் கேளுங்களேன்' என்பதும் அதிலேயே அடங்கிவிடும்.

கேள்வி: என் செயலியில் 'நீங்கள்' என்பதற்கு 'அனதா' என்று இருக்கிறது. எல்லாக் கேள்வியிலும் அதைப் போடலாமா?

பதில்: இலக்கணப்படி சரிதான், ஆனால் வேண்டாம். நேருக்கு நேர் 'அனதா' என்பது பல இடங்களில் விறைப்பாக, சில சமயம் மரியாதைக் குறைவாகக்கூட ஒலிக்கும். பெயர் தெரிந்தால் பெயரோடு 'சன்' சேருங்கள். எதிரில் இருப்பவர் தநக்கா என்றால், அவரிடமே 'தநக்கா-சன் வா கோஹீ ஓ நோமிமஸ் கா' என்று கேட்கலாம். நீங்கள் காபி குடிப்பீர்களா என்றுதான் பொருள். பெயர் தெரியாவிட்டால் எழுவாயையே விட்டுவிடுங்கள். 'ஓநமயே வா?' என்று பாதியில் நிறுத்தினால் போதும், நாம் 'உங்க பேரு?' என்பதுபோல.

கேள்வி: 'சாப்பிடவில்லையா?' என்று கேட்டால் 'ஹாய்' (ஆமாம்) சொல்வதா, 'ஈயே' (இல்லை) சொல்வதா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.

பதில்: தமிழில் என்ன சொல்வீர்கள்? 'ஆமாம், சாப்பிடவில்லை.' ஜப்பானிய மொழியிலும் 'ஹாய், தபேமசென் தெஷ்தா' தான். 'நீங்கள் சொன்னது சரி' என்பதுதான் அந்த 'ஹாய்'. இங்கேயும் ஆங்கிலம்தான் குழப்புகிறது. ஒன்று மட்டும்: 'இக்கிமசென் கா' என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் உங்களைக் கூப்பிடுகிறார்கள், 'போகலாமா?' என்று. அதற்கு 'ஹாய், இக்கிமசென்' என்று சொல்லிவிடாதீர்கள். 'இக்கிமஷோ' என்றால் போகலாம். வர முடியாவிட்டால் 'ச்சொத்தோ…' (கொஞ்சம்…) என்று இழுத்து நிறுத்துங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: கேள்வி கேட்டுவிடுகிறேன். பதில்தான் மழைபோலக் கொட்டுகிறது, ஒன்றும் பிடிபடவில்லை.

பதில்: இரண்டு வாக்கியங்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 'மோ இச்சிதோ ஓநெகாய் ஷிமஸ்' – இன்னொரு முறை சொல்லுங்கள். 'யுக்குரி ஓநெகாய் ஷிமஸ்' – மெதுவாகச் சொல்லுங்கள். எண்களைக் காதால் பழகுங்கள். நான்கு 'யோன்', ஆனால் 4 மணி 'யோஜி'. 300 'சன்பியாக்கு', 600 'ரொப்பியாக்கு', 800 'ஹப்பியாக்கு'. 1 மணி 'இச்சிஜி'யும் 7 மணி 'ஷிச்சிஜி'யும் சத்தமான இடத்தில் ஒன்றுபோலவே கேட்கும். சந்தேகமாக இருந்தால் காதில் விழுந்ததையே திருப்பி, 'ஷிச்சிஜி தெஸ் கா?' என்று கேளுங்கள். இந்தக் குழப்பம் ஜப்பானியருக்கும் தெரியும். 'ஹாய், நனாஜி தெஸ்' என்று ஏழுக்கு உள்ள இன்னொரு சொல்லைப் போட்டுத் தெளிவாகச் சொல்வார்கள்.