பூனைக்குச் சர்க்கரை: ஊசியை எப்போது நிறுத்தலாம்?

கேள்வி: எங்கள் கடுவனுக்கு ஒன்பது வயது, ஆறு கிலோ எடை. போன மாதம் சர்க்கரை நோய் என்று சொல்லி, காலையும் மாலையும் ஒரு யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடச் சொன்னார்கள். இனி ஆயுள் முழுக்க ஊசிதானா, டாக்டர்? – மதுரை வாசகி

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பூனைக்கு வருவது பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரையைப் போன்றது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் எல்லாமே அழிந்துவிடுவதில்லை. ரத்தத்தில் ஓயாமல் ஏறி நிற்கும் சர்க்கரையே அவற்றில் பலவற்றை முடக்கிப் போடுகிறது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்து அந்தச் சுமையை இறக்கினால் அவற்றுக்கு ஓய்வு கிடைக்கும். ஒரு பகுதி மறுபடி வேலைக்குத் திரும்பும். அதனால்தான் ஊசிக்குத் தயங்குபவர்களிடம், ஊசியை நிறுத்துவதற்காகத்தான் ஊசி போடுகிறோம் என்று சொல்வேன்.

ஆனால் காலம் கடத்தக் கூடாது. கிளார்ஜின் போட்டு, வீட்டிலேயே சர்க்கரை பார்த்து, கண்டிப்பான கட்டுக்குள் வைத்த 55 பூனைகளைப் பற்றிய ஆய்வு 2009-இல் வெளியானது. அவற்றில் 64 சதவீதம் ஊசியிலிருந்து விடுபட்டன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்தக் கண்டிப்பைத் தொடங்கியவற்றில் அது 84 சதவீதம். தாமதமாகத் தொடங்கியவற்றில் 35 சதவீதம்தான். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் கையில் இருக்கிறது. இப்போதே தொடங்குங்கள், எடையையும் மெதுவாகக் குறையுங்கள்.

கேள்வி: ஒரு யூனிட்தான் போட்டேன். மூன்று மணி நேரத்தில் பூனை தள்ளாடி விழுந்து வலிப்பு வந்துவிட்டது. எப்படி? – திருச்சி வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் சிரிஞ்சின் மூடி சிவப்பாக இருக்கிறது. காரணம் அதுதான். நம் நாட்டில் சிவப்பு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. கிளார்ஜினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் பூனைக்குள் போவது இரண்டரை யூனிட். கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது. குறைந்த அளவை அதில்தான் நம்பி இழுக்க முடியும்.

இன்னொரு முறை தள்ளாடினால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். தெளிந்ததும் சாப்பாடு வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கிளார்ஜின் பல மணி நேரம் வேலை செய்யும். எழுந்து நடந்த பூனை மறுபடியும் சரியலாம்.

கேள்வி: மீன் சாதமும் டிரை ஃபுட்டும் கொடுக்கிறோம். பொட்டலத்தில் சர்க்கரை சேர்க்கவில்லை என்று போட்டிருக்கிறது. போதாதா? – கோவை வாசகி

பதில்: போதாது. பொட்டலத்தின் பின்புறத்தைப் பாருங்கள். புரதம் 30, கொழுப்பு 10, ஈரம் 10, நார் 4 என்று இருக்கும். சாம்பல் சத்தை, அதாவது தாது உப்புகளை, 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 62. மீதி 38 முழுக்க மாவுச்சத்து. கலோரிக் கணக்கில் அது நாற்பது சதவீதத்தைத் தாண்டும். சர்க்கரை நோய் வந்த பூனைக்குப் பன்னிரண்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டல். டின்னிலும் பவுச்சிலும் வரும் ஈர உணவுகளில் பல இந்த வரம்புக்குள் வரும். எல்லாமே வராது, ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சோற்றை நிறுத்திவிடுங்கள். அதற்காக வெறும் கோழிக்கறியில் தள்ளிவிடவும் வேண்டாம், கால்சியம் போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்.

ஓர் எச்சரிக்கை. உணவு மாறிய சில நாட்களிலேயே இன்சுலின் தேவை சரிந்துவிடலாம். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் திருச்சிப் பூனையின் கதி உங்கள் பூனைக்கும் வரும். மருத்துவரிடம் சொல்லி, தினமும் சர்க்கரை பார்த்துக்கொண்டே மாற்றுங்கள்.

கேள்வி: சர்க்கரை பார்த்தால் மருத்துவமனையில் 320, வீட்டில் 150. எதை நம்புவது? – சென்னை வாசகர்

பதில்: வீட்டில் வந்ததை. பயந்த பூனைக்குச் சர்க்கரை கிடுகிடுவென ஏறும். கூடைக்குள் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோவதே போதும். சந்தேகம் தீர வேண்டுமானால் ஃபிரக்டோசமைன் பரிசோதனை, கடந்த ஓரிரு வாரங்களின் சராசரி நிலவரத்தைச் சொல்லும்.

காதில் குத்தக் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெந்நீரில் பிழிந்த துணியைக் காது மடலில் அரை நிமிடம் ஒற்றுங்கள். ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்த நரம்பு துலங்கும். மடலுக்குப் பின்னால் பஞ்சை அணைத்துப் பிடித்து, நரம்புக்கும் விளிம்புக்கும் நடுவே குத்துங்கள். கடுகளவு ரத்தம் போதும். குத்திய கையோடு ஒரு துண்டு கறி கொடுங்கள். நாளடைவில் மீட்டரை எடுத்தாலே பூனை தானாக வந்து உட்கார்ந்துவிடும். மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பதிலாக மாத்திரை கிடையாதா? – சேலம் வாசகர்

பதில்: அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃபுளோசின் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது; இதற்கு முன் இன்சுலின் போடாத பூனைகளுக்கு மட்டும். உங்கள் பூனை ஏற்கெனவே ஊசியில் இருக்கிறது. வேண்டாம்.

கேள்வி: இரண்டு ஆண்டாக ஊசி. இப்போது வேளைக்கு ஒன்பது யூனிட். சர்க்கரை 400-ஐ விட்டு இறங்கவில்லை, பூனை மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. என் கவனிப்பில்தான் குறையா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள், அம்மா. கட்டுப்படாத சர்க்கரையில் பூனை இளைக்கும். பெருத்தால் வேறு காரணம் தேட வேண்டும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கிறதோ என்பது என் முதல் சந்தேகம். முகமும் பாதமும் அகன்றிருக்கின்றனவா என்று பழைய புகைப்படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியின் ஆய்வில் நாலில் ஒரு சர்க்கரைப் பூனைக்கு இதன் அறிகுறி ரத்தத்தில் தெரிந்தது. வளர்ச்சி ஹார்மோனின் மிகையைக் காட்டிக்கொடுக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதற்கு முன், தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஏதும் ஓடுகிறதா, பல்லில் சீழ் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அரை யூனிட்டில் நிற்கிறோம். சர்க்கரை பத்து நாளாக 90-க்கும் 130-க்கும் நடுவில். நிறுத்திவிடலாமா? – யாழ்ப்பாண வாசகர்

பதில்: அருமையான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள், மனம் நிறைந்துவிட்டது. உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால் ஒரு வாரம் ஒரு வேளை மட்டும் போட்டு, எண்கள் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். நான்கு வாரம் ஊசி இல்லாமல் இப்படியே நின்றால்தான் நோய் தணிந்தது என்று கணக்கு. அப்போதும் கணையம் பழைய பலத்துக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. நாலில் ஒன்றுக்கும் மேற்பட்ட பூனைகளுக்குச் சர்க்கரை திரும்புகிறது. அதனால் உணவை மாற்றாதீர்கள், வாரம் ஒரு முறை காதில் குத்திப் பாருங்கள், தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறதா என்று கவனியுங்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டு முறை 180-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மிச்ச இன்சுலினைத் தூக்கிப் போடாமல், மருத்துவர் சொல்லும் காலம் வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறையும் பெட்டியில் வேண்டாம்.