5.1 ஸ்பீக்கர் இருக்கு, ஆனா 'ஸ்டீரியோ' மட்டும்தான் காட்டுது: கேள்வி பதில்

5.1 என்பது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், மொத்தம் ஆறு சேனல் கொண்ட சரவுண்ட் ஒலி. அந்த சரவுண்ட் ஆப்ஷன் காணவில்லை என்று வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் முதலில் டிரைவரைத்தான் திட்டுகிறீர்கள். நான் முதலில் பார்ப்பது கேபிளை.

கேள்வி: சார், விண்டோஸ் 11. மதர்போர்டின் பின்னால் மூன்று ஆடியோ ஜாக்தான் இருக்கிறது. 5.1 ஸ்பீக்கரின் மூன்று பின்னையும் செருகிவிட்டேன். 'கான்ஃபிகர்' அழுத்தினால் ஸ்டீரியோ மட்டுமே வருகிறது.

பதில்: மூன்று ஜாக் போதும். பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு. சாதாரணமாக லைன்-இன்னாக இருக்கும் நீலம், 5.1 முறையில் பின் ஸ்பீக்கர்களுக்கு மாறும். மைக்குக்கான பிங்க், சென்டருக்கும் சப்வூஃபருக்கும் மாறும். ஜாக்கின் வேலையை இப்படி மாற்றிவிடுவது ஆடியோ சிப்பின் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று பொதுப்பெயர் மட்டும் இருந்தால், விண்டோஸ் தன் சொந்த டிரைவரைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஆடியோ டிரைவரை எடுத்து நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' வழியே போய், பிளேபேக் பட்டியலில் ஸ்பீக்கரைத் தேர்ந்து 'கான்ஃபிகர்' அழுத்துங்கள். சில போர்டுகளில் அதற்கு முன் ரியல்டெக் ஆடியோ கன்சோல் என்ற செயலியிலும் 5.1 என்று சொல்ல வேண்டியிருக்கும். ஜாக் வரிசை போர்டுக்குப் போர்டு மாறலாம், மேனுவலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னுடையது லேப்டாப். ஒரே ஜாக்தான். அதே டிரைவர் வைத்தியம் எனக்கும் சரிவருமா?

பதில்: வராது. அந்த ஜாக்கில் இடது, வலது, மைக், கிரவுண்ட் என்று நான்கு தொடர்புகள்தான் உண்டு. ஆறு சேனலுக்கு இடமே இல்லை. எச்டிஎம்ஐ அல்லது யூஎஸ்பி சவுண்ட் கார்டு பாருங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போகிறது, டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக, ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவருக்கு. ரிசீவர் 7.1. கம்ப்யூட்டரோ ஸ்டீரியோவைத் தாண்டவில்லை. டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை.

பதில்: டிரைவரை விடுங்கள், அது சரியாகத்தான் வேலை செய்கிறது. எச்டிஎம்ஐயில் மறுமுனைக் கருவி 'எனக்கு இத்தனை சேனல், இந்தந்த ஃபார்மட் தெரியும்' என்று ஒரு சிறு தகவல் தொகுப்பை அனுப்பும். அதற்கு ஈடிஐடி என்று பெயர். விண்டோஸ் அதைப் படித்து, அதில் இருப்பதை மட்டும் பட்டியலில் காட்டும். உங்கள் கம்ப்யூட்டர் பேசுவது டிவியோடு. பல டிவிகள் தங்களிடம் உள்ள இரண்டு ஸ்பீக்கரை மட்டுமே சொல்லும், பின்னால் இருக்கும் ரிசீவரைப் பற்றி மூச்சுவிடாது.

அடுத்த தடை ஏஆர்சி. 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன் வந்த இதில் ஸ்டீரியோ பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) போகும், அல்லது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் போன்றவை போகும். சுருக்காத 5.1 போகாது. அதற்கு 2017இன் எச்டிஎம்ஐ 2.1இல் வந்த, ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி, டிவியிலும் ரிசீவரிலும் இருக்க வேண்டும்.

ஆகவே கம்ப்யூட்டரை நேராக ரிசீவரில் செருகி, அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோங்கள். ரிசீவரை முதலில் ஆன் செய்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டர்.

கேள்வி: மேலே கேட்டவன்தான். இப்போது 7.1 வந்துவிட்டது, நன்றி! ரிசீவரை ஆஃப் செய்தால் மட்டும் அந்த ஆப்ஷன் மறைகிறது.

பதில்: மறுமுனை பதில் சொல்லாவிட்டால் அப்படித்தான். ஆன் செய்ததும் தானாகத் திரும்பும்.

கேள்வி: ஆப்டிகல் கேபிளில் படம் 5.1இல் ஓடுகிறது, கேம் மட்டும் ஸ்டீரியோ. 'கான்ஃபிகர்' பட்டனும் மங்கிக் கிடக்கிறது. இது கோளாறா?

பதில்: இல்லை. ஆப்டிகல் வழியே பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஸ்டீரியோவுக்கு விநாடிக்குச் சுமார் 1.5 மெகாபிட் போதும், ஆறு சேனலுக்கு 4.6 மெகாபிட் வேண்டும். ஆப்டிகல் இணைப்பு முதலாவதற்காக உருவானது. படத்தின் ஒலி ஏற்கெனவே டால்பி டிஜிட்டலாகச் சுருக்கப்பட்டிருப்பதால் அப்படியே போய்விடுகிறது. கேம் தன் ஒலியை அந்தந்த நொடியில் உருவாக்குகிறது, அதை அப்போதைக்கப்போது சுருக்கித்தர 'டால்பி டிஜிட்டல் லைவ்' அல்லது 'டிடிஎஸ் இன்டராக்டிவ்' உள்ள சவுண்ட் கார்டு வேண்டும். சில மதர்போர்டுகளில் இது உண்டு: ஆப்டிகல் அவுட்டின் பிராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியின் ஃபார்மட் பட்டியலைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால், எச்டிஎம்ஐக்கு மாறுவதுதான் என் யோசனை.

கேள்வி: ப்ளூடூத் ஸ்பீக்கரில் 5.1 வருமா?

பதில்: கம்ப்யூட்டரிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு போகும் வழக்கமான முறை ஸ்டீரியோதான். வராது.

கேள்வி: டெஸ்ட் அழுத்தினால் ஆறு ஸ்பீக்கரும் ஒலிக்கிறது. பாட்டு போட்டால் முன்னால் இரண்டு மட்டும். எந்த செட்டிங் விடுபட்டது?

பதில்: எதுவும் விடுபடவில்லை, பாட்டே ஸ்டீரியோ. எல்லா ஸ்பீக்கரிலும் வேண்டுமென்றால் டிரைவரில் 'ஸ்பீக்கர் ஃபில்' இருக்கிறதா பாருங்கள், ரிசீவர் இருந்தால் அதில் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' போன்ற முறை இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. பாடகர் முதுகுக்குப் பின்னாலிருந்தும் பாடுவார்.

கேள்வி: லினக்ஸில் எங்கே மாற்றுவது?

பதில்: பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலைத் திறந்து, கடைசியில் உள்ள 'கான்ஃபிகரேஷன்' பகுதியில் புரொஃபைலை 'அனலாக் சரவுண்ட் 5.1' ஆக்குங்கள். எச்டிஎம்ஐ என்றால் அதற்கான 5.1 புரொஃபைல். அந்தப் பட்டியலிலும் வரவில்லையென்றால், டிவி கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் படியுங்கள்.