கல்லீரல் பழுதானால் மூளை ஏன் தடுமாறுகிறது?

அமினோ அமிலம் என்பது புரதத்தின் சிறு துண்டு. இரத்தத்திலிருந்து மூளைக்குள் போக அதற்கு ஒரு கடத்திப் புரதம் வேண்டும். லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற கிளைத்தொடர் வகையும், பினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபான் என்ற வளைய வகையும் ஒரே கடத்தியையே பயன்படுத்துகின்றன.

புதுப் பாலம் வருமுன் மட்டக்களப்பில் இருந்த ஒடுங்கிய கல்லடிப் பாலத்தை நினையுங்கள். கடத்திதான் அந்தப் பாலம்; கிளைத்தொடர் வகை பஸ், வளைய வகை லொறி. பஸ் குறைந்து லொறி கூடினால், கடப்பதில் பெரும்பாலானவை லொறிதானே.

வளைய வகையைச் சிதைப்பது முக்கியமாகக் கல்லீரல். அது செயலிழந்தால் இவை இரத்தத்தில் தேங்கும். புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சான அமோனியாவைக் கல்லீரல் அகற்றாதபோது, அதைத் தசை குளூட்டமினாக மாற்றுகிறது. அந்த வேலையில் கிளைத்தொடர் வகை செலவாகிவிடும். சுகமானவரிடம் ஏறத்தாழ 3 ஆக இருக்கும் கிளைத்தொடர்–வளைய விகிதம், முற்றிய சிரோசிஸில் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) 1 அளவுக்கு இறங்கலாம். மூளைக்குள் மிதமிஞ்சிச் சேரும் வளைய வகையிலிருந்து ஒக்டோபமின் போன்ற போலிச் சமிக்ஞைப் பொருட்கள் உருவாகின்றன. மந்தம், பகல் தூக்கம், கை உதறல் ஆகியவற்றில் இதற்கும் பங்குண்டு. ஆனால் முதற் குற்றவாளி அமோனியாதான் என்பதே இன்றைய கருத்து. அதனால்தான், குடலிலுள்ள அமோனியாவை வெளியேற்ற, லக்டுலோஸ் என்ற மலமிளக்கிப் பாணி கொடுத்து, நாளுக்கு 2–3 தடவை இளகிய மலம் போகவைக்கிறார்கள்.

“மீன், தயிர், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்து” என்பது நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் தவறான ஆலோசனை: புரதத்தை நிறுத்தினால் அமோனியாவை அகற்றும் தசையே கரையும், பெரும்பாலான சிரோசிஸ் நோயாளருக்கு உடல்நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2–1.5 கிராம் புரதம் தேவை.