காய்கறி கார்டுக்குக் கட்டைவிரலா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வசிக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறேன். பிபிஎல் ரேஷன் கார்டில் நான்தான் குடும்பத் தலைவி. எங்களோடு இருக்கும் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கீரை, பழம் நிறையக் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். அரசு ‘காய்கறி கார்டு’ தருகிறது, மாதம் 1,500 ரூபாய்க்குக் காயும் பழமும் வாங்கலாம், பதிவுக்கு 600 ரூபாய், ஆதார், கைரேகை வேண்டும் என்று தெருவில் ஒருவர் ஆள் சேர்க்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் அம்மா. அப்படி ஒரு கார்டை மத்திய அரசும் தரவில்லை, கர்நாடக அரசும் தரவில்லை. அவர் கேட்ட மூன்றில் 600 ரூபாய்தான் மலிவானது.

கைரேகை வைக்கும் சிறு கருவியும் உங்கள் ஆதார் எண்ணும் இருந்தால், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிடலாம். ஓடிபி தேவையில்லை. “சரியாகப் பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்” என்று அவர் சொல்லும்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. இன்னொரு வித்தையும் உண்டு. உங்கள் பெயரில் புதுக் கணக்கு திறந்து ஆதாரை அதோடு இணைத்துவிடுவார்கள். அரசு உதவித்தொகை, ஆதார் கடைசியாக இணைந்த கணக்குக்குத்தான் போகும். என்னிடம் வந்த ஒரு பெண்மணி பல மாதங்களாகப் பணம் வரவில்லை என்று அலைந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் “உங்களுக்குப் போய்விட்டதே” என்றார்கள். போயிருந்தது, அவர் கேள்விப்பட்டே இராத ஒரு கணக்குக்கு! ஏற்கெனவே ரேகை வைத்துவிட்டீர்கள் என்றால், எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்று நாளைக்கே வங்கியில் கேளுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

இந்தப் புரளி எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்குக் காய், பழம் வாங்கவென்றே அரசு மாதந்தோறும் தொகை தருகிறது. நம் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ உணவு தானியம் என்றால் அரிசி, கோதுமை, சிறுதானியம், அவ்வளவுதான். காய்கறி அழுகிவிடும் என்பார்கள். 1959-ல் தொடங்கிய, காய் பழம் விற்கும் ஹாப்காம்ஸ் கூட்டுறவு இத்தனை காலமாக இந்த ஊரில் அழுகும் பொருளைத்தானே விற்றுக்கொண்டிருக்கிறது? ரேஷனில் தலைக்கு ஐந்து கிலோ கூடுதல் அரிசி தருவதாகச் சொன்ன மாநில அரசு, அரிசி கிடைக்காமல் 2023 ஜூலையில் அதற்குப் பதிலாகக் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம், தலைக்கு 170 ரூபாய் கொடுத்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 680 ரூபாய். அது எத்தனை வீடுகளில் தக்காளியாகவும் கீரையாகவும் மாறியது என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் மறுபடி அரிசியாக்கிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், கூடுதல் அரிசிக்குப் பதில் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உப்பு தரலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. உப்புக்கு இடம் கிடைத்த பட்டியலில் ஒரு கத்தரிக்காய்க்கு இடம் இல்லை.

சரி, உங்களுக்கு என்ன கிடைக்கும்? மகளுக்கு அங்கன்வாடி. 2017 அக்டோபர் 2-இல் தொடங்கிய மாத்ரு பூர்ணா திட்டப்படி, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்று ஆறு மாதம் வரையான தாய்மார்களுக்கும் காய் போட்ட சாம்பார், பொரியல், முட்டை, பாலோடு மதியச் சாப்பாடு. கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் தாயி கார்டை எடுத்துக்கொண்டு போனால் போதும். காசு கிடையாது.

உங்களுக்குக் கிருஹலட்சுமி, குடும்பத் தலைவிக்குக் கர்நாடக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய். காய்கறிப் பணம் என்று பெயர் இல்லையே தவிர, அதுதான் உங்கள் காய்கறிப் பணம். இதுவரை பதியவில்லை என்றால் பெங்களூரு ஒன் என்ற அரசு சேவை மையத்துக்கு நீங்களே போங்கள், கட்டணம் இல்லை. தவணைகள் தள்ளிப்போகின்றன, உண்மைதான். அந்தத் தாமதம்தான் புரோக்கரின் முதலீடு. அரசு நேரத்துக்குப் போட்டால் இவர்களுக்குத் தெருவில் என்ன வேலை?

ஒன்றை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். நீங்களோ கணவரோ வருமான வரி கட்டினால், அல்லது ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்தால், கிருஹலட்சுமி கிடையாது. ‘நாங்களா வரி கட்டுகிறோம்’ என்று சிரிக்காதீர்கள். வண்டிக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது உங்கள் கணவரின் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிப்போனார்களா? அவற்றை வைத்து அவர் பெயரில் ஜிஎஸ்டி எண் எடுத்துத் தங்கள் வியாபாரத்தை அதில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கடனுக்காக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து, ஒரு ரூபாய் வரிகூடக் கட்டாதவர்களும் வரி கட்டுகிறவர்கள் பட்டியலில் சிக்குகிறார்கள். 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு வரி நோட்டீஸ் வந்தது நினைவிருக்கும். பதனம் செய்யாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அது தெரியாமல், தள்ளுவண்டிக்காரர் பயந்துபோய்ப் புரோக்கரிடம் காசு கொடுத்து ஜிஎஸ்டி பதிந்து கணக்கும் தாக்கல் செய்தால், வீட்டில் மனைவியின் 2,000 நின்றுபோகலாம். அப்படி நின்றிருந்தால், வரி கட்டவில்லை என்ற சான்றோடு மகளிர் குழந்தைகள் நலத் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஹாப்காம்ஸ் கடைக்கு எந்தக் கார்டும் வேண்டாம். எல்லாமே அங்கே மலிவு என்று சொல்லமாட்டேன். விலைப் பலகையைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியில் பேரம் பேசுங்கள்.

அந்த ஆள் திரும்ப வந்தால் அரசாணை நகலைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.