மல்லாட்டையில் (நிலக்கடலையில்) பச்சைப் பூஞ்சை: வறுத்தால் போய்விடுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் அணைக்கட்டுப் பக்கம். ஆடியில் போட்ட மல்லாட்டை, பிடுங்குகிற நேரத்தில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டது. செடியோடு குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தோம். வெயில் வந்ததும் காயவைத்து ஆறு மூட்டை கட்டினோம். இப்போது உரித்துப் பார்த்தால் அங்கங்கே சில கொட்டையில் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி படிந்திருக்கிறது. "நல்லா வறுத்தா எல்லாம் செத்துப்போயிடும்" என்கிறார் அத்தை. மோசமானதைத் தனியாக எடுத்துச் செக்கில் ஆட்டிவிடலாம், புண்ணாக்கு மாட்டுக்கு ஆகும் என்கிறார் மாமா. வீட்டில் இரண்டு கறவை மாடுகள், மூன்று வயதுப் பையன். ஆறு மூட்டையையும் கொட்ட மனசு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: ஆறு மூட்டையையும் கொட்ட வேண்டாம் அம்மா. ஆனால் கெட்டுப்போனது வாணலிக்கும் போகக்கூடாது, செக்குக்கும் போகக்கூடாது, மாட்டுத் தொட்டிக்கும் போகக்கூடாது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் எதைக் காப்பாற்றலாம், எதை விடலாம் என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

அத்தை சொன்னதில் பாதி சரி. வறுத்தால் பூஞ்சை செத்துப்போகும். ஆனால் நம்மைப் பாதிப்பது பூஞ்சை இல்லை. அது வளரும்போது கொட்டைக்குள் விட்டுவிட்டுப் போகும் நச்சு. அதற்கு உயிர் கிடையாது, அதனால் சாகவும் செய்யாது. அஃப்ளாடாக்சின் என்பது அதன் பெயர். அதில் மிகக் கொடிய வகையான பி1 உருகுவதற்கே 260 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். வாணலியில் கொட்டையின் உட்புறம் அந்தச் சூட்டை எட்டினால் அது கரியாகிவிடும். வறுப்பதில் நச்சு ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியாத குறைவை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. வேகவைப்பதையும் நம்ப முடியாது.

இந்த நச்சை உலகம் அறிந்ததே கடலைப் புண்ணாக்கால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் ஈரல் கெட்டுச் செத்தன. தொற்றுநோய் என்று தேடியும் கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது தேடல். அதில் இருந்த பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அந்தப் பெயரின் எழுத்துகளைச் சேர்த்துத்தான் நச்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் கொட்டையில் மஞ்சள்பச்சைப் பொடியாகத் தெரிவது பெரும்பாலும் இதே பூஞ்சைதான்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974-ல் குஜராத்தின் பஞ்ச்மகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட பழங்குடிக் குடும்பங்களில் மஞ்சள்காமாலையும் வயிற்றில் நீர் கோப்பதும் பரவின. கணக்கில் வந்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே நோய் வந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்தபோது கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நச்சு இருந்தது. நம் சட்டம் கடலைக்கு வைத்திருக்கும் வரம்பு இதோடு ஒப்பிடவே முடியாத அளவு சின்னது: அப்படியே சாப்பிடக்கூடிய நிலையில் விற்பதற்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், மேற்கொண்டு பதப்படுத்தப்போகும் கொட்டைக்கு 15. ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம்.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நேற்று யாராவது நாலு கொட்டை சாப்பிட்டிருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. பஞ்ச்மகாலில் அதுவே அன்றாடச் சாப்பாடு, வாரக்கணக்கில் தின்றார்கள். நம் வீடுகளில் நடப்பது வேறு. சட்னியில் கொஞ்சம், உருண்டையில் கொஞ்சம், பாலில் கொஞ்சம் என்று சத்தமில்லாமல் வருடக்கணக்கில் சேர்வதுதான் நான் கவலைப்படுவது. ஈரல் இந்த நச்சை உடைக்கப் பார்க்கும்போது அதிலிருந்து பிறக்கும் பொருள் ஈரல் செல்லின் மரபணுவில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து புற்றுநோய் தொடங்கலாம். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சினை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், வைத்திருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் இருப்பவர்களுக்கு இதன் கொடுமை மற்றவர்களைவிடச் சுமார் 30 மடங்கு. அதனால் பையனின் தடுப்பூசி அட்டையை எடுத்து ஹெபடைட்டிஸ் பி ஊசி எல்லாத் தவணையும் போட்டாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி மூட்டைக்கு வருவோம். இந்த நச்சு மூட்டை முழுக்கப் பரவி இருப்பதில்லை, சில கொட்டைகளில் குவிந்து கிடக்கும். தனி ஒரு கடலைக் கொட்டையில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராமுக்கு மேல் என்ற கணக்கில் நச்சு இருந்ததை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஒரு கொட்டை அரை கிராம் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 500 மைக்ரோகிராம். அதை 50 கிலோ சுத்தமான பருப்பில் போட்டுக் கலந்தால் மொத்தமும் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஆகிவிடும். ஒரே ஒரு கொட்டை! இந்தக் கணக்கு என்னைப் பலமுறை திகைக்க வைத்திருக்கிறது, ஆனால் இதில்தான் நமக்கு நம்பிக்கையும் இருக்கிறது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மூட்டை தப்பியது.

ஆகவே வறுப்பதில் அத்தையோடு நான் ஒத்துப்போகாவிட்டாலும், அவர் கையில் இருக்கும் முறத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து சொத்தை பொறுக்கிய பாட்டிமார் செய்ததைத்தான் இன்று ஏற்றுமதி ஆலைகளில் கேமரா வைத்த இயந்திரம் செய்கிறது.

முதலில் காயாகவே பிரியுங்கள். ஓடு வெடித்தது, மண்வெட்டி பட்டது, கறையான் சுரண்டியது, கறுத்தது எல்லாம் வெளியே. பிறகு உரித்த பருப்பை நல்ல வெளிச்சத்தில் வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுத்தால் போதாது. சுருங்கியது, நிறம் மங்கியது, புழு துளைத்தது, முளை கட்டியது, தோல் கிழிந்தது எதையும் விட்டுவைக்காதீர்கள். பூஞ்சை வெளியே காய்ந்து உதிர்ந்த பிறகும் நச்சு உள்ளே இருக்கும். வறுத்துத் தோல் நீக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பருப்பில் பழுப்பும் மஞ்சளும் அப்போதுதான் தெரியும். அரைத்துவிட்டால் எதுவும் தெரியாது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்புக்கு வறுத்து அரைக்கும் ஒரு கைப்பிடியானாலும், பொறுக்கிய பிறகே மிக்சியில் போடுங்கள். சாப்பிடும்போது ஒரு கொட்டை கசந்தால் துப்பிவிடச் சொல்லிப் பையனைப் பழக்குங்கள். மரியாதைக்காக விழுங்க வேண்டியதில்லை.

பொறுக்கும்போது பொடி பறக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பையனைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம். ஒரு மூட்டையில் கால்வாசிக்கு மேல் கழிவாக வந்தால், என் கருத்தில் அந்த மூட்டையையே விட்டுவிடுவது நல்லது. அந்த அளவு கெட்ட மூட்டையில் நல்லதாகத் தெரிவதையும் நான் நம்பமாட்டேன்.

ஒரு கைப்பிடியைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று தோன்றும். மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் பாருங்கள்: கெட்ட கொட்டை உங்கள் கைப்பிடிக்குள் வராவிட்டால் முடிவு சுத்தம் என்று வரும். விற்பனைக்குச் சோதிப்பதானால் மூட்டையின் பல இடங்களிலிருந்து கிலோக்கணக்கில் எடுத்து, மொத்தமாக அரைத்துக் கலக்கி, அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு முறம்தான் சோதனைக்கூடம்.

அடுத்து மாமா சொன்ன செக்கு. அஃப்ளாடாக்சின் எண்ணெயில் அதிகம் கரையாது. ஆட்டும்போது பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிடும், சிறு பங்குதான் எண்ணெயோடு வரும். ஆலையில் சுத்திகரிக்கும்போது காரமும் வெளுக்கும் மண்ணும் அந்தச் சிறு பங்கையும் எடுத்துவிடுகின்றன. செக்கெண்ணெய்க்கு அந்த வேலை நடப்பதில்லை. அதில் மிதக்கும் கசடு என்பது புண்ணாக்குத் துகள்தானே. "செக்கெண்ணெய் என்றாலே நல்லது" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல கொட்டையில் ஆட்டினால் நானும் அதை ஒப்புக்கொள்வேன். கெட்ட கொட்டையைச் செக்கில் போட்டால் செக்கு அதை நல்லதாக்கித் தராது.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிட்டு எடுப்போம் அல்லவா? மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களிலேயே, நேரடி வெயில் கடலை எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்சினைச் சிதைக்கிறது என்று கண்டார்கள். எண்ணெய் தெளிவாக இருப்பதால் ஒளி உள்ளே இறங்குகிறது. கொட்டைக்குள் அப்படி இறங்காது, அதனால் பருப்பைக் காயவைப்பதால் ஏற்கெனவே ஊறிய நச்சு போகாது. எண்ணெயை வாயகன்ற பாத்திரத்தில் மேலே மெல்லிய துணி கட்டி ஒரு பகல் வெயிலில் வையுங்கள், கசடு படிந்ததும் தெளிவை மட்டும் வடித்தெடுங்கள், அடிக் கசட்டைச் சமையலுக்குச் சேர்க்காதீர்கள். நாள்கணக்கில் வெயிலில் விட்டால் எண்ணெய் காறிப்போகும். வடித்த பிறகு இருட்டில் வையுங்கள். இதெல்லாம் பொறுக்கி ஆட்டிய எண்ணெய்க்கு ஒரு கூடுதல் காப்பு. பொறுக்காமலே ஆட்டிவிடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

புண்ணாக்குதான் எனக்குப் பெரிய கவலை. மாடு தின்ற பி1 நச்சில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு பங்கு வரை எம்1 என்ற வடிவத்தில் பாலில் இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நச்சுள்ள புண்ணாக்கை நாளைக்கு 2 கிலோ வைத்தால் மாட்டுக்குள் போவது 400. அதில் 2 சதவீதம் என்றாலும் 8 மைக்ரோகிராம் பாலுக்கு வரும். மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. நம் நாட்டு வரம்பு 0.5, ஐரோப்பாவில் 0.05. பாலைக் காய்ச்சினாலும் தயிராக்கினாலும் இது போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 368-ல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அவற்றில் அதிகம் தமிழ்நாட்டு மாதிரிகள்: 551-ல் 88. தண்ணீர் கலப்படம் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், தீவனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆறுதலான செய்தி, கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பாலில் நச்சு வெகுவாகக் குறைந்துவிடும். ஏற்கெனவே அந்தப் புண்ணாக்கை வைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். நச்சு குறையும் அந்தச் சில நாட்களுக்கு அந்தப் பாலைப் பையனுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

மீதி மூட்டைகளை இன்னும் இரண்டு மூன்று நாள் வெயில் பார்க்க விடுங்கள். காயை ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உதிர வேண்டும். பருப்பில் ஈரம் 7, 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை மறுபடி எழும். காயாகவே சணல் சாக்கில் கட்டி, சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். வேண்டும்போது வேண்டிய அளவு உரியுங்கள். சுலபமாக உரிய வேண்டும் என்று காயில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், காயவைத்த பாடெல்லாம் அந்த ஒரு செம்புத் தண்ணீரில் போய்விடும்.

அடுத்த ஆடிக்கு இரண்டு சொல். விதைத்த 40, 45-ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால் ஓடு உறுதியாகும், வெடிப்பு குறையும். பிடுங்குவதற்கு முந்தைய மூன்று நான்கு வாரம் நிலம் வறண்டால் பூஞ்சை மண்ணுக்குள்ளேயே காயில் ஏறிவிடும், கிணற்றில் தண்ணீர் இருந்தால் அப்போது ஒரு தண்ணீர் கட்டுங்கள். பிடுங்கிய செடியைக் குவிக்காமல், காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்து வரிசையாகப் போடுங்கள். மழை வந்தாலும் குவித்துத் தார்ப்பாய் மூடுவது புழுக்கத்தைத்தான் கொடுக்கும். கொட்டகையில் மெல்லிசாகப் பரப்பிக் காற்றாட விடுவது மேல். உங்கள் மண்ணுக்கு எந்த ரகம் என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பொறுக்கிக் கழித்ததைக் கோழிக்கும் போட வேண்டாம், வான்கோழிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். முழங்கால் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். மல்லாட்டை போடும் கொல்லையில் மட்டும் வேண்டாம், பூஞ்சையின் வித்து மண்ணிலேயே தங்கிவிடும்.